யந்திரம் எழுதிய தீபம் யாருக்குச் சொந்தம்?

திருவண்ணாமலையில் படக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மனும், மலையுச்சியில் எரியும் கார்த்திகைத் தீபமும், ரமண மகரிஷியின் புன்னகையும் கண்ணாடிச் சட்டங்களுக்குள் வரிசையாக அமர்ந்து யாத்திரிகர்களை அழைக்கின்றன. பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவர்களில் அவற்றுள் ஒன்றை மார்போடு அணைத்துக் கொண்டு ஊர் திரும்புகிறவர்கள் அநேகர்.

சில வருஷங்களாக இப்படங்களுக்குப் புதிய தம்பி ஒருவன் பிறந்திருக்கிறான். தூரிகையும் வேண்டாம், காமிராவும் வேண்டாம். கணிப்பொறியின் முன் அமர்ந்து, “இரவு, மலை, உச்சியில் ஜோதி, அடிவாரத்தில் கோபுரம்” என்று நான்கு வார்த்தை எழுதினால் போதும். செயற்கை அறிவு யந்திரம் கண் மூடித் திறப்பதற்குள் சித்திரத்தை நீட்டி விடுகிறது. இவற்றை இணையத்திலுள்ள படக் களஞ்சியங்களில் விற்பனைக்கு வைக்கிறார்கள். அடோபி கம்பெனியின் களஞ்சியம், யந்திரப் படம் என்று குறிப்பிட்டுக் கொடுத்தால் ஏற்றுக் கொள்கிறது. கெட்டி இமேஜஸ் என்னும் மற்றொரு பெரிய களஞ்சியமோ 1922-ல் அல்ல, நம் கண்ணெதிரே 2022-ல், இத்தகைய படங்களுக்குக் கதவை அடைத்து விட்டது.

விற்க வைத்தவருக்கு விரைவிலேயே ஒரு கவலை பிறக்கிறது. தாம் பத்து நாள் முயன்று தேர்ந்தெடுத்த படத்தை, காசு கொடாத ஒருவர் எடுத்துக் காலண்டரில் அச்சிட்டு விற்றால் என்ன செய்வது? இரண்டு கணிப்பொறிகளை வைத்துக் கொண்டு விளம்பரப் படங்களால் ஜீவனம் நடத்தும் சிறு தொழிலாளிக்கு இது வயிற்றுப் பிரச்னை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுவோம். மலைமேல் தீபம் என்ற விஷயம் எவருக்கும் சொந்தமன்று. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளியிட்ட உருவத்துக்கே உரிமை என்று நம் உச்ச நீதிமன்றம் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் 1978-ல் தீர்ப்பளித்தது. ஆகையால் உம்முடைய படத்தைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் தம் கையால் வேறொரு தீபம் வரைந்தால் அவர்மேல் குற்றமில்லை. உம்முடைய படத்தையே எடுத்துக் கொண்டாரா என்பதுதான் கேள்வி.

யந்திரம் செய்ததற்கு மனிதன் உரிமை கொண்டாடலாமா என்ற விவாதம் புதிதன்று. காமிரா வந்த காலத்திலும் இதே சச்சரவு எழுந்தது. ஆங்கில எழுத்தாளர் ஆஸ்கார் ஒயில்டை 1882-ல் நியூயார்க்கில் நெப்போலியன் சரோனி என்பவர் படம் பிடித்தார். ஓர் அச்சுக் கம்பெனி அதை அனுமதியின்றி 85,000 பிரதிகள் அடித்துத் தள்ளியது. “படம் எடுத்தது யந்திரந்தானே, இவர் என்ன ஆசிரியர்?” என்று கம்பெனி வாதித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1884-ல் சரோனியின் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. ஒயில்டை அமர்த்திய விதமும், உடையும், திரையும், ஒளியும் நிழலும் அவருடைய மனத்தில் உருவானவை என்பது காரணம்.

நம் ஊருக்கே திரும்பி வருவோம். பெங்களூர் வெல்லிங் 1946-ல் எடுத்த ரமணரின் மார்பளவுப் படத்தைப் பாராத தமிழர் குறைவு. அந்தக் கண்களின் அருளை வெல்லிங் உண்டாக்கவில்லை. ஆனால் அந்தக் கணத்தையும் வெளிச்சத்தையும் தேர்ந்தவர் அவர். போட்டோவுக்கு அதை எடுத்தவரே கர்த்தா என்று நமது 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டமும் சொல்கிறது.

அப்படியானால் நான்கு வார்த்தை எழுதியவரும் கர்த்தா ஆவாரா? இங்கேதான் வழி பிரிகிறது.

அங்கித் ஸாஹ்னி என்ற இந்திய வழக்கறிஞர், தாம் எடுத்த சூரியாஸ்தமனப் போட்டோ ஒன்றையும், வான்கோவின் ‘விண்மீன் இரவு’ ஓவியத்தையும் ‘ராகவ்’ என்னும் யந்திரத்துக்குக் கொடுத்து, ‘ஸூர்யாஸ்த்’ என்ற சித்திரத்தைப் பெற்றார். நமது பதிப்புரிமை அலுவலகம் 2020-ல் ஸாஹ்னியையும் ராகவையும் கூட்டு ஆசிரியர்களாகப் பதிவு செய்தது. உலகமே வியந்தது. மறு வருஷம் அதே அலுவலகம், பதிவை வாபஸ் வாங்குவதாக நோட்டீஸ் அனுப்பி, யந்திரத்தின் சட்ட அந்தஸ்தைப் பற்றி விளக்கம் கேட்டது! கொடுத்த கையே தயங்கிய காட்சி இது. அமெரிக்க அலுவலகமோ 2023 டிசம்பரில், மனிதப் பங்கு போதாது என்று அதே படத்தைப் பதிவு செய்ய மறுத்து விட்டது.

அமெரிக்கரின் போக்கு பொதுவாக இதுதான். 2023 பிப்ரவரியில் ஒரு சித்திரக் கதைப் புத்தகத்தில் எழுத்துக்கும் படங்களை அடுக்கிய முறைக்கும் உரிமை கொடுத்து, யந்திரம் தீட்டிய படங்களுக்கு மட்டும் மறுத்தார்கள். சீனாவில் கதை வேறு. பீஜிங் இணைய நீதிமன்றம் 2023 நவம்பரில், பல முறை வார்த்தைகளையும் அளவுகளையும் மாற்றி ஒரு பெண்ணின் படத்தை உருவாக்கியவருக்கு உரிமை உண்டென்று கூறி, அதைத் திருடியவரிடமிருந்து 500 யுவான் வாங்கிக் கொடுத்தது.

நம் சட்டத்தில் 1994-ல் சேர்த்த ஒரு வாசகம் இருக்கிறது. கணிப்பொறியால் உண்டாகும் படைப்புக்கு, அது உண்டாகக் காரணமானவரே கர்த்தா என்பது அதன் சாரம். இதைப் படித்ததும் படக் கடைக்காரர் துள்ளிக் குதிக்கலாம். சற்றுப் பொறுக்க வேண்டும். கர்த்தா யார் என்பதை அது சொல்லுகிறதேயன்றி, படைப்பில் சொந்தச் சரக்கு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அது நீக்கி விடவில்லை. வெறும் உழைப்புப் போதாது, சிறிதளவாவது கற்பனைத் திறன் வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007-ல் கூறியிருக்கிறது. அந்த வாசகத்தை எழுதியவர்கள் இன்றைய யந்திரங்களைக் கனவிலும் கண்டவர்களல்லர்.

நம் அபிப்பிராயத்தைக் கேட்டால், நான்கு வார்த்தைக்கு அறுபது வருஷ உரிமை கொடுப்பது அநியாயம் என்போம். கோவில்பட்டியில் இருந்துகொண்டு சிவகாசிக் காலண்டர்களுக்குத் தெய்வங்களை வரைந்த கொண்டையராஜு (1898-1976), இளமையில் ரமணாசிரமத்தில் சில காலம் வாழ்ந்தவர். நாடகத் திரைகள் எழுதிக் கை பழகியவர். அவர் தீட்டிய ஒரு லக்ஷ்மியின் முகத்துக்குப் பின்னால் எத்தனை வருஷங்களின் பயிற்சி! அந்த உழைப்பையும் இந்த நொடிப் பொழுதையும் ஒரே தராசில் வைக்கலாமா? மேலும் யந்திரம் கற்றதே பிறர் படங்களிலிருந்துதான். அனுமதி கேளாமல் கற்றது குறித்து ஏ.என்.ஐ. செய்தி ஸ்தாபனம் ஓப்பன் ஏ.ஐ. மீது டில்லி உயர் நீதிமன்றத்தில் 2024-ல் வழக்குத் தொடுத்தது நேயர்களுக்கு நினைவிருக்கும்.

ஆயினும் யந்திரத்தை ஒரு கருவியாக மட்டும் கொண்டு உண்மையாக உழைக்கிறவரைக் கைவிடலாகாது. அவர் செய்யக் கூடியவை உண்டு. சொந்தப் போட்டோவையோ, கையால் வரைந்த கோட்டுச் சித்திரத்தையோ அடிப்படையாக வைக்கட்டும். அந்த மூலத்தின் உரிமையை எவரும் அசைக்க முடியாது. யந்திரம் கொடுத்ததன்மேல் தம் கையால் தீட்டி, ஒவ்வொரு கட்டத்தின் நகலையும் தேதியுடன் பத்திரப்படுத்தட்டும். பதிவு செய்தல் கட்டாயமில்லை. ஆனால் வழக்கு வந்தால் சான்றாகும். சாதாரணச் சித்திரத்துக்குக் கட்டணம் 500 ரூபாய். மனுவில் யந்திரத்தின் பங்கை ஒளிக்காமல் எழுதுவது உத்தமம். இணையத்தில் சிறிய அளவுப் படத்தை மட்டும் காட்டி, பெரிய அளவைப் பணம் கொடுத்தவருக்கே தருவது பழைய தந்திரமானாலும் பலனுள்ளது. காலண்டர் அச்சகத்தாரோடு எழுத்தில் உடன்படிக்கை செய்து கொள்ளலாம். அது அந்த அச்சகத்தாரைக் கட்டுப்படுத்துமே தவிர, தெருவில் போகிற மூன்றாம் மனிதரைக் கட்டுப்படுத்தாது.

உரிமையுள்ள படம் களவு போய் ஓர் இணையத் தளத்தில் காணப்பட்டால், தளத்தாருக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். 2013-ம் வருஷத்து விதிகளின்படி அவர்கள் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால் 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டு வராவிட்டால் படம் மீண்டும் தலை காட்டக் கூடும். புகாரில் கையெழுத்திடுமுன், தாம் அதன் உரிமையாளர் என்பதற்கு என்ன சான்று வைத்திருக்கிறோம் என்று ஒரு முறை பெட்டியைத் திறந்து பார்த்துக் கொள்வது நல்லது.

கடைசியாக ஒரு விஷயம். கிருஷ்ணதேவராயர் தொடங்கிச் சேவப்ப நாயக்கர் காலத்தில் நிறைவுற்ற அண்ணாமலையார் கோவில் ராஜகோபுரத்துக்குப் பதினொரு நிலைகள். உயரம் 217 அடி. யந்திரத்துக்கு இந்தக் கணக்குத் தெரிவதில்லை. ஒன்பதோ பதின்மூன்றோ மனம் போனபடி அடுக்கி விடும். ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்து அதைத் திருத்தினால், அந்தத் திருத்தம் மட்டும் அவருக்கு உரிமை தேடித் தந்து விடாது. இருந்தாலும் பிறர் அப்படத்தைத் திருடியிருந்தால், எந்தக் கோபுரம் யாருடையது என்று நிலைகளை எண்ணிச் சொல்லி விடலாம்.