வேகம் இருந்தும் வீடியோ கால் திக்குவது ஏன்?

"பெரிய பிளான்தான் போட்டிருக்கிறேன். ஆனாலும் நான் வீடியோ காலில் பேசும்போது வீட்டில் யாராவது போட்டோக்களை பேக்கப் செய்தால் குரல் விட்டு விட்டு வருகிறதே?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. உடனே இன்னும் விலை அதிகமான பிளானுக்கு மாறிவிடாதீர்கள். பல வீடுகளில் கோளாறு வேகத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது.

பைலோ பேச்சோ, எதுவானாலும் நெட்வொர்க்கில் சிறு சிறு பாக்கெட்டுகளாகத்தான் செல்லும். கம்ப்யூட்டரிலிருந்து ரூட்டருக்கு இவை மளமளவென்று வந்து சேரும். வெளியே செல்லும் வழியோ குறுகல். எனவே காத்திருக்கும் பாக்கெட்டுகள் பஃபர் என்னும் மெமரியில் வரிசையாக நிற்கும். ஒரு கணக்குப் போடுவோம். அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ், பஃபரில் நிற்பது 1 எம்பி டேட்டா என்றால், அது காலியாக சுமார் 800 மில்லி செகண்ட் ஆகும். அதுவரை உங்கள் குரல் பாக்கெட் பின்னால் நிற்க வேண்டியதுதான். ரயில்வே கவுண்டரில் கையில் 50 பாரங்களுடன் நிற்பவருக்குப் பின்னால், ஒரே ஒரு டிக்கெட்டுக்காக நாம் நிற்பதைப் போல! பேச்சு இயல்பாக இருக்க, ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். இந்தத் தொல்லைக்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர்.

உங்கள் வீட்டிலும் இதுதானா என்று பார்த்துவிடலாம். விண்டோசில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கில எழுத்துகளில் பிங், இடைவெளி, 8.8.8.8, இடைவெளி, ஹைபன், டி என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் மில்லி செகண்ட் எண்களைக் கவனியுங்கள். பிறகு ஒரு பெரிய வீடியோவை அப்லோட் செய்யுங்கள். 20, 30 என்று இருந்த எண்கள் பல நூறுகளுக்குத் தாவினால், வரிசைதான் குற்றவாளி. நிறுத்த கன்ட்ரோல், சி.

இதற்கு மருந்து 'குவாலிட்டி ஆஃப் சர்வீஸ்', சுருக்கமாக க்யூஓஎஸ். அலுவலக சுவிட்சுகளில் பாக்கெட்டுக்கு 0 முதல் 7 வரை முன்னுரிமை எண் இட்டு, குரலைத் தனி வரிசையில் அனுப்புவோம். வீட்டில் அவ்வளவு வேண்டாம். ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் க்யூஓஎஸ் இருந்தால் ஆன் செய்யுங்கள். அங்கே அப்லோட், டவுன்லோட் வேகம் கேட்கும். பலரும் பிளானில் உள்ள முழு எண்ணைக் கொடுத்துவிட்டு, பலன் இல்லை என்பார்கள். முழு வேகத்தில் அனுப்பினால் வரிசை ரூட்டரைத் தாண்டி மோடமில் போய்ச் சேரும். அங்கே உங்கள் ரூட்டருக்கு அதிகாரம் கிடையாது. எனவே ஸ்பீட் டெஸ்ட் செய்து, கிடைத்த எண்ணில் சுமார் 90 சதவீதம் கொடுங்கள். 10 வந்தால் 9. கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்துத் தாமதத்தைக் குறைக்கிறோம். என்னைக் கேட்டால் இது லாபமான பேரம்தான்.

ரூட்டரில் 'எஃப்க்யூ-கோடல்' அல்லது 'எஸ்க்யூஎம்' என்று இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். எது குரல், எது பைல் என்று நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. விலை குறைந்த ரூட்டர்களில் க்யூஓஎஸ் போட்டால் மொத்த வேகமே படுத்துவிடுவதும் உண்டு. அப்படியானால் ஆஃப் செய்துவிட்டு, பேக்கப்பை இரவு நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.