கால் குளிர்ந்தால் இரத்தத்தையும் சோதியுங்கள்



திடீரென ஒரு கால் கடுமையாக வலிக்கிறது. தொட்டால் குளிர்கிறது, வெளிறி மரத்துப் போகிறது. "வாயுப் பிடிப்பு" என்று எண்ணெய் தடவி, ஒத்தடம் கொடுத்து, "விடியட்டும் பார்ப்போம்" என்பதுதான் நம் வீடுகளின் வழக்கம். விடிவதற்குள் அந்தக் காலையே இழக்க நேரலாம். இதயத்திலிருந்து இரத்தம் கொண்டு செல்லும் நாடியை இரத்தக்கட்டி அடைத்திருந்தால், சுமார் 6 மணி நேரத்துக்குள் அதை நீக்கியாக வேண்டும்.

இவ்வடைப்புக்குப் பெரும்பாலும் நீரிழிவு, கொலஸ்ட்ரோல், புகைத்தல், இதய நோய் ஆகியவையே காரணம். இவை எதுவுமில்லாத இளவயதினருக்கும் அது வரும்போது, அரிதாக, லுக்கீமியா எனும் இரத்தப் புற்றுநோய் அதன் பின்னால் மறைந்திருக்கக்கூடும்.

எலும்பு மச்சையில் முதிராத வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகுவதே இந்நோய். அதில் 'ஏ.பீ.எல்.' எனப்படும் வகையில், அவ்வணுக்கள் இரத்தத்தை உறையச் செய்யும் பொருட்களை வெளியிடுகின்றன. ஓரிடத்தில் இரத்தம் கட்டுகிறது. மறுபுறம் உறைவதற்கு வேண்டியவை தீர்ந்து போய் இரத்தம் கசிகிறது. ஆகவே பல்முரசில் இரத்தம், காரணமின்றித் தோலில் நீலத் தழும்பு, அதிக மாதவிடாய், தீராத காய்ச்சல், களைப்பு ஆகியவை இருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் எதுவுமில்லை. இரத்தம் கசியும் ஒருவருக்கு வீட்டிலிருக்கும் அஸ்பிரினை நீங்களாகக் கொடுத்து விடாதீர்கள்.

ஒரு காலத்தில் இவ்வகை நோயாளர்களில் பலர் விரைவிலேயே இறந்தனர். 1985இல் சீனாவின் ஷங்ஹாயில் வைத்தியர் வாங் சென்யி, விற்றமின் 'ஏ'யோடு தொடர்புடைய மருந்தொன்றை 5 வயதுச் சிறுமிக்குக் கொடுத்தார், அவள் குணமடைந்தாள். இன்று அம்மருந்தோடு ஆர்செனிக் மருந்தும் சேர, காலத்தோடு வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிழைக்கின்றனர். (கடையில் வாங்கும் விற்றமின் மாத்திரை இதற்கு மருந்தல்ல.)

சந்தேகத்தைத் தருவது முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை. உறுதி செய்வது மச்சைப் பரிசோதனை. கிண்ணியா, மூதூர்ச் சகோதரிகள் அருகிலுள்ள தள வைத்தியசாலைக்கும், நகரத்தவர் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கும் உடனே செல்லுங்கள். தேவையெனில் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

நோயாளிக்காக ஓதுங்கள், துஆச் செய்யுங்கள். அதை வாகனத்தில் போகும் வழியிலேயே செய்யுங்கள்.