துடைத்துத் துடைத்தே கெடுத்தேன்!

எங்கள் ஊர் அரியலூர். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டால், பத்து மணிக்குள் கோலத்தின் மேலேயே வெள்ளையாக ஒரு படலம் படிந்துவிடும். ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலைகளும்தானே! பத்து கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்ததாம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பை லாரி லாரியாக ஏற்றிப் போகிறார்கள். மிச்சம் எங்கள் கொடியில் காயும் துணி மேல்.

இந்த ஊரில்தான் நான் புது ஸ்கூட்டர் வாங்கினேன். மூன்று வருஷம் பால் ஊற்றிய காசு, கூடவே ஒரு சீட்டுப் பணம். கடன் இல்லாமல் என் பெயரில் வாங்கிய முதல் பொருள். அரக்குச் சிவப்பு நிறம். கல்லங்குறிச்சி கலியபெருமாள் கோவிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்கு ஓட்டி வந்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது என்பதே மறந்துபோச்சு.

தினமும் எழுந்ததும் முதல் வேலை வண்டி துடைப்பதுதான். என்னவரின் பழைய வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டு, காய்ந்த துணியால் அழுத்தித் துடைப்பேன். தூசி இருக்க விடுவேனா? காய்ந்துபோன குங்குமத்தையும் சந்தனத்தையும் பாத்திரம் தேய்க்கிற நாரால் எடுத்தேன். வாரம் ஒரு முறை பாத்திர சோப்பு. மாமியார் தன் பங்குக்கு, "பளபளன்னு இருக்கும்டி" என்று தேங்காய் எண்ணெய் வேறு தடவினார். அன்று சாயங்காலத்துக்குள் மொத்தத் தூசியும் அதில் அப்பிக்கொண்டது தனிக் கதை.

இரண்டு மாதம் இருக்கும். பெரம்பலூரில் அம்மா வீட்டு வாசலில், உச்சி வெயிலில் வண்டி நின்றது. தம்பி பெண்டாட்டிதான் முதலில் பார்த்தாள். "என்னாண்ணி, சிலந்தி வலை மாதிரி கோடு கோடா இருக்கு?" குனிந்து பார்த்தேன். வண்டி முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விஷயம் தெரிந்ததும் என்னவர் போனில் கேட்டார், "நீ வண்டி ஓட்டினியா, பாத்திரம் தேச்சியா?" ஒரு கடையில் மெஷின் போட்டு பாலிஷ் செய்ய 1,800 ரூபாய் கேட்டார்கள். கொடுத்திருப்பேன். தம்பிதான் தடுத்து, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாரிக்கும் காருக்கும் பெயின்ட் அடிக்கும் ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனான்.

அவர் வண்டியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அரியலூரா? காஞ்ச துணியில தொடச்சியாம்மா?" என்றார். எப்படித் தெரிந்தது என்று அசந்துபோனேன். "அது வெறும் தூசி இல்லம்மா, கல்லுப் பொடி. அதை வெச்சுக்கிட்டு அழுத்தினா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரிதான்" என்றார்.

பெயின்ட்டின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு உண்டாம். ஒரு தலைமுடிக் கனம்கூட இருக்காது. பாலிஷ் என்பது அந்தப் பூச்சையே லேசாகச் சுரண்டி மட்டமாக்குவது. புது வண்டிக்கு அது அநாவசியம், அடிக்கடி செய்தால் பூச்சே கரைந்துவிடும். மெழுகு (வாக்ஸ்) வேறு. அது எதையும் சுரண்டாது, மேலே ஒரு மெல்லிய படலமாக உட்கார்ந்துகொள்ளும். தூசி ஒட்டாமல் தண்ணீரோடு வழிந்து போகும். இதுவரை இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

"புது வண்டிக்கு மெழுகு போடலாமா, ஆறு மாசம் ஆகணும்னாங்களே?" என்று கேட்டேன். தொழிற்சாலையில் சூடான அறையில் வைத்துக் காயவைத்துத்தான் அனுப்புகிறார்கள், முதல் நாளே போடலாம் என்றார். இடித்துக்கொண்டு பட்டறையில் புதுசாகப் பெயின்ட் அடித்தால்தான் இரண்டு, மூன்று மாதம் பொறுக்க வேண்டுமாம்.

அவர் சொன்னபடிதான் இப்போது செய்கிறேன். முதலில் இரண்டு மூன்று சொம்பு தண்ணீர் மேலிருந்து ஊற்றித் தூசியை ஓடவிடுவேன். பிறகு வண்டி கழுவுகிற ஷாம்பு. பாத்திர சோப்பு மெழுகை எடுத்துவிடும். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுப்பேன். நிழலில், வண்டி சூடு ஆறின பிறகு, ஸ்பாஞ்சில் ஒரு பட்டாணி அளவு மெழுகு. மெல்லிசாகத் தடவி, வெளுத்து வந்ததும் துடைத்தால் போதும். அதிகம் அப்பினால் நமக்குத்தான் கை வலி. சீட், கால் வைக்கிற இடம், டயர், பிரேக் பக்கம் மட்டும் படவே கூடாது, வழுக்கிவிடும். பெயின்ட் இல்லாத கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளைக் கறை. பளபளப்பு இல்லாத மேட் வண்டி வைத்திருப்பவர்கள் மெழுகுப் பக்கமே போக வேண்டாம்.

தண்ணீர் தெளித்தால் சேப்ப இலையில் உருள்வது மாதிரி முத்து முத்தாக நிற்க வேண்டும். பரந்து வழிந்தால் மறுபடி போடணும். எனக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஆகிறது.

மார்கழிப் பனியில் சிமென்ட் தூசி நனைந்து பொருக்காகக் காய்ந்துவிட்டால் நகத்தால் சுரண்டாதீர்கள். ஈரத்துணி போட்டு ஊறவிட வேண்டும். அதிலும் போகாவிட்டால் வினிகரில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, ஓரமாகக் கொஞ்சம் வைத்துப் பார்த்துவிட்டுத் துடைத்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

என் வண்டியில் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. பெரியவர் பாலிஷ் போட மறுத்துவிட்டார். "வெயில்ல மட்டும்தானே தெரியுது? விடும்மா" என்றார். காசும் வாங்கவில்லை.

போன வாரம் எதிர் வீட்டுக்குப் புது வண்டி வந்தது. மறுநாள் காலை அந்தம்மா காய்ந்த துணியோடு இறங்கியதைப் பார்த்ததும், கோலப்பொடி டப்பாவோடு அங்கிருந்தே கத்திவிட்டேன், "யக்கா, மொதல்ல தண்ணிய ஊத்துங்க!" அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதற்குத்தான் இந்தக் கடிதம். புத்தகத்தில் வந்தாலாவது நம்புவார்.

- ஒரு வாசகி, அரியலூர்.