திறன் பகிர்வுப் பற்சக்கரத் தொகுதி

திறன் பகிர்வுப் பற்சக்கரத் தொகுதி என்பது கலப்பின மகிழுந்துகளில் பெட்ரோல் பொறியின் திறனைச் சக்கரங்களுக்கும் மின்னியற்றிக்கும் பிரித்துத் தரும் அமைப்பாகும். 1997இல் சப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியசு இதனால் அறியப்பட்டது.

இதில் கிளட்சும் இல்லை, மாற்றிப் போடும் கியர்களும் இல்லை. நடுவிலுள்ள 30 பற்கள் கொண்ட சூரியச் சக்கரம் மின்னியற்றியுடனும், வெளியிலுள்ள 78 பற்கள் கொண்ட வளையம் மின்னோடியுடனும் வண்டிச் சக்கரங்களுடனும், இடையிலுள்ள கோள் சக்கரங்களின் தாங்கி பொறியுடனும் இணைந்துள்ளன. பற்களின் விகிதம் மாறாததால், சீரான ஓட்டத்தில் பொறியின் முறுக்குவிசையில் சுமார் 72% வளையத்துக்கும் 28% மின்னியற்றிக்கும் செல்லும். மாறுவது வேகங்களே. மின்னியற்றியின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பொறியைச் சிக்கனமான வேகத்தில் வைத்திருக்கலாம். இதையும் சிவிடி என்றே அழைப்பதுண்டு. ஆனால் பட்டையும் கப்பியும் கொண்ட சிவிடியுடன் இதற்குப் பெயரளவில்தான் உறவு.

இதே எளிமைதான் வரம்பும் ஆகிறது. பொறி நின்றிருக்கையில் வளையம் ஒரு சுற்று சுற்றினால் மின்னியற்றி எதிர்த்திசையில் 2.6 சுற்று சுழல வேண்டும். அது தாங்கக்கூடிய வேகத்துக்கு எல்லை உண்டு. எனவே தொடக்ககால பிரியசுகளில் மணிக்குச் சுமார் 67 கி.மீ.க்கு மேல், மின்கலம் நிறைந்திருந்தாலும், எரிபொருள் இல்லாமலாவது பொறி சுழன்றே ஆக வேண்டும்.

பின்னோக்கிச் செல்லத் தனிக் கியர் கிடையாது. மின்னோடி எதிர்த்திசையில் சுழலும். அப்போது மின்கலத்துக்கு மின்னேற்றப் பொறியை இயக்கினால், அதன் முறுக்குவிசை வண்டியை முன்னோக்கியே தள்ளும். செங்குத்தான மேட்டில் பின்னோக்கி ஏறும்போது இக்குறை நன்கு தெரியும்.