பேரிடருக்குப் பின் மறுவாழ்வு: மக்கள் பங்கேற்பு என்பது யாது?

பேரிடர் நேர்ந்த இடத்தில் உணவும் உடையும் மருந்தும் வழங்குவது நாட்கணக்கில் முடியும் பணி. இடிந்த வீடுகளையும் அழிந்த தொழிலையும் மீண்டும் நிலைநிறுத்துவதோ ஆண்டுக்கணக்கில் நீளும் பணி. இந்த இரண்டாம் கட்டத்தில்தான் 'மக்கள் பங்கேற்பு' என்னும் சொல் மிகுதியாக வழங்கப்படுகிறது. ஆயினும் இச்சொல்லுக்கு இருவேறு பொருள்கள் உள்ளன. பிறர் வகுத்த திட்டத்திற்கு மக்கள் உடலுழைப்பைத் தருவது ஒன்று. திட்டத்தை வகுக்கும் உரிமையே மக்களிடம் இருப்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை நம் நாட்டின் மூன்று நிகழ்ச்சிகள் தெளிவாக்குகின்றன.

1. லாத்தூர்

1993 செப்டம்பர் 30 அன்று அதிகாலையில் மகாராஷ்டிர மாநிலத்தின் லாத்தூர் மாவட்டத்திலும், அப்போது உஸ்மானாபாத் எனப்பட்ட மாவட்டத்திலும் நிலம் நடுங்கியது. கணபதி விழாவின் இறுதி நாளைக் கொண்டாடிவிட்டு மக்கள் உறங்கிக்கொண்டிருந்த வேளை அது. மண்சாந்தில் அடுக்கிய தடித்த கற்சுவர்களும், அவற்றின்மேல் இருந்த கனத்த மண்கூரைகளும் சரிந்து பல்லாயிரவர் மாண்டனர்.

அரசு இரு வழிகளை மேற்கொண்டது. முற்றிலும் அழிந்த 52 கிராமங்கள் வேறிடங்களில் புதிதாக அமைக்கப்பட்டன. இவற்றைப் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்களும் கொடையாளர்களும் கட்டினர். உறவினர் நெருங்கி வாழ்ந்த பழைய தெருக்களுக்குப் பதிலாக, நகரத்தைப் போன்று அகன்ற நேர்வீதிகள் அமைந்தன. ஊர் பன்மடங்கு பரந்தது; வயலுக்கும் வீட்டிற்கும் இடையிலிருந்த தொலைவு பல இடங்களில் கூடிற்று.

சேதம் குறைந்த ஊர்களில், ஏறத்தாழ இரண்டு இலட்சம் வீடுகளை உரிமையாளர்களே அரசின் உதவியுடன் பழுதுபார்த்து வலுப்படுத்தினர். ஊர்ப் பெண்கள் குழுக்களிலிருந்து 'சம்வாத் சகாயக்' எனப்படும் உரையாடல் துணைவர்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். அரசின் விதிகளை வீட்டாருக்கும், வீட்டாரின் குறைகளைப் பொறியாளருக்கும் எடுத்துரைப்பது இவர்தம் பணி.

வலுப்படுத்துதல் என்பதன் பொருளும் அறியத்தக்கது. தடித்த கற்சுவர் உண்மையில் இரு மெல்லிய சுவர்களே. இடையில் இருப்பது வெறும் கல்லும் மண்ணும். நிலம் அதிரும்போது இரு முகங்களும் பிரிந்து விழுகின்றன. சுவரின் முழுத் தடிப்பையும் ஊடுருவும் இணைப்புக் கற்களை ஆங்காங்கே வைத்து, கதவு, சன்னல்களின் மேல்மட்டத்தில் சுற்றுக்கட்டும் இட்டால் சுவர் ஒன்றுபட்டு நிற்கும். இக்காரணத்தை அறிந்த குடும்பம் அடுத்த அறையைக் கட்டும்போதும் அவ்வாறே கட்டும். திறவுகோலை மட்டும் பெற்றுக்கொண்ட குடும்பத்திற்கு இவ்வறிவு கிட்டுவதில்லை.

2. கட்ச்

2001 சனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியை அதனினும் பெரிய நிலநடுக்கம் தாக்கியது. கிராமங்களை இடம்பெயர்க்கும் எண்ணம் தொடக்கத்தில் எழுந்தது. ஆனால் மிகப் பல ஊர்கள் அதனை ஏற்கவில்லை. ஆகவே வீட்டை உரிமையாளரே கட்டுவது என்னும் கொள்கை முதன்மை பெற்றது. உதவித்தொகை குடும்பத்தின் வங்கிக் கணக்கில் தவணை முறையில் செலுத்தப்பட்டது. கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்கும் விதிகளுக்கு இணங்க எழும்பியுள்ளதா எனப் பொறியாளர் பார்த்த பின்னரே அடுத்த தவணை வந்தது. கொத்தனார்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. லாத்தூர்ப் பெண்கள் சிலர் கட்சுக்குச் சென்று தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தனர்.

இங்கே அரசு ஒதுங்கிவிடவில்லை என்பது கருதத்தக்கது. பணமும் பாதுகாப்பு விதியும் அரசினுடையவை. வடிவமும் பொருளும் ஆள் அமர்த்தலும் குடும்பத்தினுடையவை. பங்கேற்பு என்பது பொறுப்பைக் கைகழுவுவது அன்று. பொறுப்பைத் தக்கவாறு பகிர்ந்துகொள்வதே ஆகும்.

3. நாகப்பட்டினம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். தொண்டு நிறுவனங்கள் பல, ஒப்பந்தக்காரர்களைக் கொண்டு குடியிருப்புகளை எழுப்பின. சில ஊர்களில் நிலத்தைச் சமப்படுத்துவதற்காக மரங்கள் வெட்டப்பட்டன. கேடுறாத வீடுகளும் இடிக்கப்பட்டன. மர நிழல் மீனவருக்கு வலை பின்னும் இடம், முதியோர் அமரும் இடம், சிறுவர் விளையாடும் இடம். வரைபடத்தில் அதற்கு இடமில்லாமற் போயிற்று.

இன்னுமொரு கடினமான உண்மையும் இங்கே வெளிப்பட்டது. மீனவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து ஒழுங்குடன் பேசவும், பங்கிடவும் வல்லதாயிருந்தது. ஆனால் அதில் அமர்ந்தோர் ஆண்கள். கடலோரத்தில் கூலிவேலை செய்து பிழைத்த தலித் மக்கள் அவ்வமைப்புக்கு வெளியே இருந்தனர். படகு இழந்தவரின் இழப்பு எண்ணப்பட்டது. உப்பேறிய வயலில் கூலி இழந்தவரின் இழப்பு எளிதில் மறக்கப்பட்டது. 'மக்கள் ஏற்றுக்கொண்டனர்' என்று அறிக்கை எழுதும்போது, எந்த மக்கள் என்னும் வினா எழவேண்டும். புதிய வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வழங்கவேண்டும் என 2005ஆம் ஆண்டு அரசாணை வகுத்தது. சமுதாயம் தானாக வழங்காத இடத்தைச் சட்டம் வழங்க முயன்றதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

4. நம் முன் உள்ள வினாக்கள்

உரிமையாளரே கட்டும் முறை எல்லாருக்கும் பொருந்தும் மருந்தன்று. நிலமற்றவர், வாடகைக்குக் குடியிருந்தவர், துணையற்ற முதியோர் ஆகியோருக்குத் தனி ஏற்பாடு வேண்டும். அதனை முன்கூட்டியே செய்யாவிடில் பங்கேற்பே ஒரு பாகுபாடாக மாறிவிடும்.

துயர்துடைப்புக் குழுக்களில் ஆயர்களும் இறையியல் மாணவர்களும் அமரும் வாய்ப்பு அடிக்கடி நேரிடுகிறது. திரட்டிய பணத்திற்கு விரைவில் கணக்குக் காட்டவேண்டும். திறப்பு விழா நாள் குறிக்கவேண்டும். கொடையாளர் பெயரைக் கல்லில் பொறிக்கவேண்டும். இந்நெருக்கடியில் ஒப்பந்தக்காரரை அழைப்பதே எளிதாகத் தோன்றும். அப்போது மூன்று வினாக்களை எழுப்புவோமாக. வரைபடம் முடிவாகும் முன் வீட்டில் வாழப்போகும் பெண்கள் அதைக் கண்டனரா? கூட்டத்திற்கு அழைக்கப்படாதோர் யார்? நாம் திரும்பிச் சென்றபின் பழுதுபார்க்கும் அறிவு யாரிடம் எஞ்சியிருக்கும்?

இவ்வினாக்களுக்கு விடை காணச் சில மாதங்கள் கூடுதலாகலாம். ஆனால் அவ்வீட்டில் ஒரு குடும்பம் ஒரு தலைமுறைக்காலம் வாழவேண்டியிருக்கிறது.