சூடாகும் எஞ்சின், கரையும் முதல்

நோன்புக்கு முந்திய வாரம். புறக்கோட்டையில் ஏற்றிய சரக்குடன் எங்கள் லொறி கண்டிக்கு வந்துகொண்டிருந்தது. கடுகண்ணாவை ஏற்றத்தில் சாரதி தொலைபேசியில் அழைத்து, "நானா, ஹீட் முள் மேலே ஏறுது" என்றார். சாமான் நேரத்துக்கு வரவேண்டுமே என்ற அவசரத்தில், "மெதுவாக ஓட்டிக்கொண்டு வாங்க" என்று சொன்னது நான்தான். பேராதனைக்கு முன்பே லொறி நின்றுவிட்டது. சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கட்டும் போய்விட்டது. கராஜ் செலவு, மாற்று லொறிக் கூலி, 9 நாள் ஓட்டமின்மை என அந்தப் பருவத்தின் இலாபமே கரைந்தது.

காரணம், றேடியேட்டர் மூடியின் தேய்ந்த ரப்பர். 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி நன்றாக இருந்தால் நீர் சுமார் 118 பாகை செல்சியசில்தான் கொதிக்கும். அழுத்தம் கசிந்தால் 100 பாகையிலேயே கொதித்து வெளியேறிவிடும்.

எங்கே பிழை என்பதை வாகனமே சொல்லும். நெரிசலில் மட்டும் சூடேறினால் விசிறியையும் பெல்ட்டையும் பாருங்கள். ஏற்றத்திலும் வேகத்திலும் சூடேறினால் றேடியேட்டர் அடைபட்டிருக்கலாம், அல்லது வாட்டர் பம்ப் பழுதாகியிருக்கலாம். எஞ்சின் கொதிக்கும்போது மேல் ஹோஸ் குளிர்ந்திருந்தால் தேர்மோஸ்டட் திறக்கவில்லை என்று சந்தேகியுங்கள். வெளியே ஒழுக்கில்லாமல் நீர் குறைந்தாலோ, எஞ்சின் ஒயில் பால்போல மாறினாலோ ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டும்.

தேர்மோஸ்டட்டைக் கழற்றி எறிவது நம்மவர் வழக்கம். அது மருந்தல்ல. எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் எரிபொருள் வீணாகும், தேய்மானமும் கூடும்.

வழியோரக் கிணற்று நீரை ஊற்றுவதும் தவறு. கடின நீரின் உப்பு உள்ளே படிந்து குழாய்களை அடைக்கும். கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். சாதாரண கூலன்டை 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீர் மட்டத்தையும் ஹோஸ்களையும் பார்க்க 5 நிமிடம் போதும். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும்.

இப்போது எங்கள் சாரதிக்கு ஒரே கட்டளைதான்: முள் சிவப்பை நெருங்கினால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள், என்னிடம் அனுமதி கேட்க வேண்டாம். சரக்கு பிந்தினால் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது என் பொறுப்பு.