மோடம் மாற்றியபின் ஏற்படும் இணைய இணைப்புக் கோளாறுகள்

வீட்டில் பழைய மோடத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தியபின் இணையம் வராமல் போவது பரவலாகக் காணப்படும் சிக்கலாகும். புதிய கருவியில் பழுது இல்லாதபோதும் இது நேரலாம். சேவை நிறுவனத்தின் கணினி பழைய கருவியையே அடையாளம் வைத்திருப்பதும், பழைய கருவியில் பதிந்திருந்த அமைப்புகள் புதியதில் இல்லாததும் இதற்கு முக்கியக் காரணங்கள். இணைப்பு எந்தப் படியில் தடைபடுகிறது என்பதை வரிசையாகச் சோதித்து அறியலாம்.

1. வடமும் ஒளியும்

ஃபைபர் இணைப்பில் மோடம் என்று பொதுவாக அழைக்கப்படும் பெட்டி ஓ.என்.டி. எனப்படும். அதில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளிச் சமிக்ஞை வந்து சேரவில்லை என்று பொருள். இழை மடங்கியுள்ளதா, இணைப்பான் முழுமையாகச் செருகப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். பச்சை இணைப்பானின் முனை சாய்வானது. நீல இணைப்பானின் முனை சாய்வற்றது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருகக் கூடாது. இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது; அதில் வரும் அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தீங்கு செய்யக்கூடும்.

2. கருவியின் பதிவு

பெரும்பாலான கருவிகளில் பான் விளக்கு விடாமல் மின்னினால், ஒளி வருகிறது, ஆனால் நிறுவனம் கருவியை இன்னும் ஏற்கவில்லை என்று கொள்ளலாம். புதிய பெட்டியின் அடியில் உள்ள வரிசை எண்ணை நிறுவனத்திடம் தெரிவித்துப் பதிய வேண்டும். கேபிள் இணைப்புகளில் மேக் முகவரி கேட்கப்படும். இது 12 இலக்கங்கள் கொண்ட 48 பிட் அடையாள எண்.

3. பயனர் பெயரும் கடவுச்சொல்லும்

பி.பி.பி.ஓ.இ. முறையில் இயங்கும் இணைப்புகளில் பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றையும், சில நிறுவனங்களில் வி.லேன் எண்ணையும் புதிய கருவியில் உள்ளிட வேண்டும். சில தளங்கள் மட்டும் திறக்காவிட்டால் எம்.டி.யு. அளவு 1492 ஆக உள்ளதா எனப் பார்க்கலாம். ஈதர்நெட்டின் 1500 பைட்டுகளில் 8 பைட்டுகளை இம்முறை எடுத்துக்கொள்கிறது.

4. வீட்டுக்குள் உள்ள வலையமைப்பு

கணினியின் ஐ.பி. முகவரி 169.254 எனத் தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரி கிடைக்கவில்லை. மோடமும் தனி ரவுட்டரும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியைக் கொண்டிருந்தால் மோதல் ஏற்படும். ஒன்றை மாற்ற வேண்டும். 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் செய்தால் பதில் வந்து, தளங்களின் பெயர்கள் மட்டும் திறக்காவிட்டால் குறை டி.என்.எஸ். அமைப்பில் உள்ளது.

எச்சரிக்கை

ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடிப்பது மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் போடுவதைப் போன்றதன்று. அது பதிந்துள்ள பயனர் பெயர், வி.லேன் எண் முதலிய எல்லாவற்றையும் அழித்துவிடும். எனவே மோடத்தை மாற்றும் முன்பே பழைய கருவியின் அமைப்புப் பக்கங்களைப் படம் எடுத்து வைப்பது நல்லது. நிறுவனத்தை அழைக்கும்போது "இணையம் வரவில்லை" என்பதோடு நில்லாமல், எந்த விளக்கு எந்நிறத்தில் எரிகிறது என்பதையும் கூறினால், ஆள் வர வேண்டுமா, தொலைபேசியிலேயே சரிசெய்யலாமா என்பது உடனே தெரிந்துவிடும்.